விசேட வகுப்பு ஆசிரியைக்கு உயர்வு உண்டா?



எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கு இம்மாதப் பக்கத்தை ஒதுக்குகிறேன். அவர் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் ஏழு வருடங்களாகப் படிப்பிக்கிறார். தம்முடன் ஒரே நாளில் நியமனம் பெற்றவர்கள் இன்று பகுதித் தலைவிகளாக இருக்கிறார்களாம். ஒருவர் அதிபர் சேவைப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டாராம். "நான் மட்டும் அதே அறையில், அதே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். 'இன்னும் அந்தப் பிள்ளைகளோடுதானா?' என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். இந்தப் பிரிவில் இருந்தால் எனக்கு உயர்வு உண்டா, இல்லையா? இல்லையென்றால் சாதாரண வகுப்புக்கு மாற்றம் கேட்டுவிடுகிறேன்" என்று எழுதுகிறார்.

கடிதம் எழுதியவர் ஒருவர்தான். ஆனால் இந்தக் கேள்வி பலருடையது. நியமனம் பெற்றவர்களும் கேட்கிறார்கள். நியமனம் இல்லாமல் தொண்டராகவும் உதவியாளராகவும் இருப்பவர்களும் கேட்கிறார்கள். மகளை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் உம்மாமார்களும் கேட்கிறார்கள். ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அந்த அறைக்குள் நடப்பது என்ன?

ஒரு சாதாரண வகுப்பு ஆசிரியை வருட முடிவில் பெறுபேற்றைக் காட்டலாம். புலமைப்பரிசில் பரீட்சையில் இத்தனை பேர் சித்தி என்று பலகையில் எழுதலாம். விசேட வகுப்பு ஆசிரியையிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? சட்டைப் பொத்தானைத் தானே போடப் பழகிய ஒரு பிள்ளை. மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்று சைகையால் சொல்லப் பழகிய ஒரு பிள்ளை. ஐந்து ரூபாய்க் குற்றியையும் பத்து ரூபாய்க் குற்றியையும் பிரித்தறியப் பழகிய ஒரு பிள்ளை. இதில் ஒன்றைச் சாதிக்கச் சில வேளை இரண்டு வருடமும் எடுக்கும். அந்த ஒன்றினால் ஒரு தாயின் வாழ்நாள் பாரத்தில் எவ்வளவு குறைகிறது என்பது அந்தத் தாய்க்குத்தான் தெரியும்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பேசிப் புரிந்துகொள்ளல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் சிரமமுடையோர். இவர்களுள் முதியோர் பலர் என்பது உண்மைதான். என்றாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளும் சிறு தொகையினர் அல்லர். எங்கள் ஊர்களில் இத்தகைய பிள்ளையை விருந்தாளி வரும்போது உள்ளறையில் இருத்தும் வழக்கம் முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முயற்சி நம் நாட்டில் புதிதல்ல. மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் 1912 இல் தொடங்கிய பாடசாலையே பின்னர் இரத்மலானையில் வேரூன்றிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையாகும். யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956 இல் உருவாகித் தமிழ்மொழிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. 1960களின் இறுதியிலிருந்து பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துப் படிப்பிக்கும் முறை தொடங்கிற்று. இன்று இருபதுக்கும் மேற்பட்ட உதவி பெறும் விசேட பாடசாலைகளும், சாதாரண பாடசாலைகளுக்குள் இயங்கும் பல நூறு விசேட கல்வி அலகுகளும் நாட்டில் உள்ளன.

சட்டமும் பின்னால் வந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுத்துப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016 இல் மேல் எல்லை 16 வயதாயிற்று. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்புறுதி செய்தது.

இவ்வளவும் பிள்ளையின் உரிமையைப் பற்றியவை. அந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் வகுப்பறைக்குள் நுழைபவர் ஆசிரியை. அவர் மனம் சோர்ந்து எழுந்து போய்விட்டால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். அதனால் அவருடைய உயர்வைப் பற்றிப் பேசுவது சம்பளப் பேச்சு மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும்தான்.

ஏணியின் படிகள்

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பாடசாலையில் நியமனம் பெற்ற விசேட கல்வி ஆசிரியை, இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவர். கணிதம் படிப்பிப்பவருக்கு எந்த ஏணியோ அதே ஏணிதான் இவருக்கும். 1994 இல் உருவான இந்தச் சேவைக்கு 2014 ஒக்டோபரில் புதிய பிரமாணக் குறிப்பு வர்த்தமானியில் வந்தது. அதன்படி கீழிருந்து மேலாக ஐந்து படிகள்: 3ஆம் வகுப்பின் 2ஆம் தரம், 3ஆம் வகுப்பின் 1ஆம் தரம், 2ஆம் வகுப்பின் 2ஆம் தரம், 2ஆம் வகுப்பின் 1ஆம் தரம், எல்லாவற்றுக்கும் மேலே 1ஆம் வகுப்பு.

இதில் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. இந்த ஐந்து படிகளையும் ஏற வகுப்பறையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. குறித்த காலம் திருப்தியான சேவை, சம்பள ஏற்றங்களைத் தவறாமல் பெற்றிருத்தல், வினைத்திறமைகாண் தடை, தொழில்சார் பயிற்சி மணித்தியாலங்கள் ஆகியவற்றை நிறைவு செய்தால், அதே விசேட அலகில் இருந்துகொண்டே 1ஆம் வகுப்பு வரை செல்லலாம். ஆகவே "பிள்ளைகளா, பதவி உயர்வா?" என்று நம் சகோதரி மனதுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு, ஆசிரியர் சேவையைப் பொறுத்தவரை தேவையற்ற கணக்கு. பகுதித் தலைவி என்பது பாடசாலைக்குள் கொடுக்கப்படும் ஒரு பொறுப்பு. சேவையின் தரம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததில்தான் அவர் பின்தங்கிவிட்டதாகக் கவலைப்படுகிறார். உடன் நியமனம் பெற்ற பகுதித் தலைவியும் இவரும் இன்று ஒரே தரத்தில் இருக்கக்கூடும்.

மேலே விரைந்து செல்ல உதவுவது கல்வித் தகைமை. பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் ஒருங்கே உள்ளவர் 2ஆம் வகுப்பின் 2ஆம் தரத்துக்குத் தகுதி பெறுகிறார். விசேட கல்வியையே பாடமாக எடுத்துப் பட்டம் பெறவும் வழியுண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென்று ஒரு துறையே இருக்கிறது. கல்விமாணிப் பட்டம், பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி என்று அங்கு தொடரலாம். வேலையையும் வீட்டையும் விடாமல் படிக்கும் முறை என்பதால் திருமணமான சகோதரிகளுக்கு இது பெரிய வசதி. சப்ரகமுவவில் உள்ளவர்களுக்கு இரத்தினபுரியிலேயே அதன் நிலையம் ஒன்று உண்டு. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மகரகமை தேசிய கல்வி நிறுவகமும் விசேட கல்வியில் பயிற்சி நெறிகளை நடத்துகிறது.

உயர்தரம் சித்தியடைந்த பெண்பிள்ளைகளுக்கு முதல் வாசல் தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி என்று மூன்று வருடங்கள். விசேட கல்வி அங்கு ஒரு தனி நெறி. எந்தக் கல்லூரியில், எந்த மொழிமூலத்தில் என்பதை அந்தந்த ஆண்டு வர்த்தமானியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பறைக்கு வெளியே செல்ல விரும்புவோருக்கும் கதவுகள் உண்டு. வலயத்திலுள்ள பல அலகுகளுக்குச் சென்று ஆசிரியைகளுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர் பதவி ஒன்று. போட்டிப் பரீட்சை மூலம் செல்லும் இலங்கை அதிபர் சேவை இன்னொன்று. இலங்கைக் கல்வி நிருவாக சேவையில் விசேட கல்விக்கென்று தனி ஆளணி உண்டு. அதில் சேர்பவர் வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளராக வரலாம். கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாளராக விரும்புவோருக்கு ஆசிரியர் கல்வியியலாளர் சேவை இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு: களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் பற்றிய பட்டப்படிப்பு நடைபெறுகிறது. பேச்சுச் சிகிச்சையாளரின் சேவை சுகாதாரத் துறையைச் சார்ந்தது. ஆனால் அவர் சந்திக்கும் பிள்ளை இதே பிள்ளைதான்.

உடைந்த படிகள்

ஏணி உண்டு என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது அரைப் பதில். சில படிகள் உடைந்திருப்பதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, விசேட அலகின் ஆசிரியை பாடசாலையின் ஓரத்தில் வைக்கப்படுகிறார். நேரசூசி தயாரிக்கும் குழு, பரீட்சைக் குழு, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என எதிலும் அவர் பெயர் இருக்காது. பின்னர் அதிபர் சேவைக்கோ வேறு பதவிக்கோ நேர்முகப் பரீட்சைக்குச் சென்றால் "பாடசாலையில் என்ன பொறுப்பு வகித்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவரிடம் கடதாசி இருக்காது. பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். ஆசிரியை கேட்பதைப் பேராசை என்று அதிபர்மார் கருதலாகாது.

இரண்டாவது, சாதாரண வகுப்பு ஆசிரியை விடுமுறையில் சென்றால் முதலில் அழைக்கப்படுபவர் இவர்தான். "அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லைதானே" என்று அலகைப் பூட்டிவிட்டு அவரை 5ஆம் ஆண்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. இன்று நேற்றுப் பழகியதைக் கைவிட்டுவிட்ட பிள்ளைக்கு நாளை மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியையின் உழைப்பும் பதிவில்லாமல் கரைந்துபோகிறது.

மூன்றாவது, உழைப்பைக் காட்டும் அளவுகோல் இல்லாமை. இதற்கு மருந்து ஆசிரியையின் கையிலேயே உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் ஒன்றை எழுதி வைத்தல். தவணை ஆரம்பத்தில் பிள்ளை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை. தவணை முடிவில் என்ன மாற்றம் என்று திகதியுடன் குறித்தல். "பாத்திமா மூன்று சொற்களில் கேட்கிறாள், பெப்ரவரியில் ஒரு சொல்லும் இல்லை" என்று எழுதிய ஒரு வரி, பத்துப் பாராட்டுப் பத்திரங்களை விடப் பெறுமதியானது. வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவரிடம் அதைக் காட்டிக் கையொப்பமும் திகதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவது, சான்றிதழ். பயிற்சிக்குச் சென்று கையொப்பமிட்டுத் திரும்புகிறோம். சான்றிதழ் பிரதி தனியாள் கோவையில் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. மௌலவி ஆசிரியர் நியமனத்தில் வந்த என் போன்றோருக்கு, ஒரு சான்றிதழ் எந்தப் படியில் வைத்து மதிக்கப்படுகிறது என்பதன் அருமை நன்றாகத் தெரியும். படித்த படிப்பு ஒன்றாயிருக்க, கோவையில் இருக்கும் கடதாசியே பேசும். ஆகவே எந்தப் பயிற்சியில் சேர்வதற்கு முன்னும், "இது சேவைப் பிரமாணக் குறிப்பின் கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்டதா?" என்று வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் டிப்ளோமா தருவோரிடம் ஏமாற வேண்டாம்.

நியமனம் இல்லாத சகோதரிகள்

இன்னும் பெரிய துன்பம் இவர்களுடையது. பல அலகுகளில் ஆசிரியைக்குத் துணையாக ஓர் இளம்பெண் இருப்பார். பிள்ளையைக் கழுவித் துடைப்பதும், உணவூட்டுவதும், வலிப்பு வந்தால் தாங்கிப் பிடிப்பதும் அவர்தான். அவருக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏதோ ஒரு தொகை கொடுக்கும், அல்லது பெற்றோர் சேர்ந்து கொடுப்பார்கள். சேமலாப நிதி கிடையாது, தரம் கிடையாது, நாளை வரவேண்டாம் என்றால் கேட்பதற்கு இடம் கிடையாது. "நன்மைக்குத்தானே செய்கிறாய் மகள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நன்மை அல்லாஹ்விடம் உண்டு. அதற்காகக் கூலியைக் குறைக்க நமக்கு யார் அனுமதி தந்தார்?

இந்தச் சகோதரிகளுக்கு மூன்று ஆலோசனைகள். சேவை செய்த காலத்தைத் திகதியுடன் குறிப்பிட்டு அதிபரிடம் வருடாவருடம் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வயதெல்லை உண்டு என்பதை மறவாதீர்கள்; "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று தொண்டராகவே இருந்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். உயர்தரத் தகைமை போதாதவர்கள் பராமரிப்பாளர், முன்பள்ளி ஆசிரியர் போன்ற தொழில்களுக்கான தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்காவது முயலுங்கள். கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் அடுத்த கதவைத் தட்டும்போது அது துணை நிற்கும்.

தனியார் அல்லது உதவி பெறும் விசேட பாடசாலையில் வேலை கிடைத்தால், சேர முன் கேட்க வேண்டியவை: சம்பளம் யார் தருகிறார்? இது ஆசிரியர் சேவைக்குள் வரும் பதவியா? இல்லையென்றால் சேமலாப நிதி உண்டா? வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டு வாங்கிய நியமனக் கடிதமே பின்னர் பேசும்.

மொழி என்ற தடை

எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. இந்த வலயத்தில் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை சிங்கள மொழிமூலம். வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகள் பலர் அங்குதான் படிக்கிறார்கள். சுகமான பிள்ளை இரண்டு மொழியையும் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேச்சே தாமதித்த பிள்ளைக்கு, வீட்டில் "தண்ணி" என்றும் அலகில் "வத்துர" என்றும் கேட்பது இரட்டைச் சுமை. கஹவத்தை, ரக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள பிள்ளைக்கோ, தமிழில் விசேட கல்வி பயின்ற ஆசிரியை கிடைப்பதே அரிது. அந்தத் தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகவும் முடியாமல், லயத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போகவும் மனமில்லாமல் தவிக்கிறாள்.

இதையே மறுபக்கமாகப் பாருங்கள். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் நம் ஊர்ப் பெண்பிள்ளை விசேட கல்வியில் பயிற்சி பெற்றுவிட்டால், சப்ரகமுவ மாகாணத்தில் அவருக்கு ஈடாக எத்தனை பேர் இருக்க முடியும்? தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும், தமிழ்த் தாய்க்கும் சிங்களத் தாய்க்கும் அவர் தேவைப்படுவார். ஆலோசகர் பதவிக்கோ வலய அலுவலகத்துக்கோ ஆள் தேடும்போது இரு மொழி தெரிந்தவர் என்பது வெறும் அலங்காரமல்ல. வேலை தேடிப் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்புவது பற்றி யோசிக்கும் குடும்பங்கள், காலடியில் கிடக்கும் இந்தத் தேவையையும் யோசிக்கலாம்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் வகுப்பறை உதவியாளராகச் சேரும் ஒரு பெண், 2003 முதல் உயர்நிலை உதவியாளர் என்ற தகுதியைப் பெற வழி செய்யப்பட்டது. ஒவ்வொரு பாடசாலையிலும் விசேட தேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான இணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் தகைமை பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். 2009 முதல் புதிதாக அப்பொறுப்பை ஏற்போர் அதற்கென்று தனிச் சான்றிதழ் பெறுவது கட்டாயமாயிற்று. 2024 செப்டெம்பர் முதல் அதனிடத்தில் புதிய தொழில்சார் தகைமை வந்திருக்கிறது. இதன் பயன் என்ன? அங்கு விசேட கல்வியில் ஒருவர் உயர்ந்தால் பாடசாலை நிருவாகத்தின் மேசையில் அவருக்கும் ஒரு கதிரை கிடைக்கிறது.

இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரே விசேட கல்வியாளராகப் பணி செய்யலாம். 2021 ஒக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆரம்ப வகுப்புகளில் விசேட தேவையுடைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விகிதத்தைக் குறிப்பிட்டு, நிரந்தரப் பதவிகளை உருவாக்கும்படி கூறியது. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம், பல மாநிலங்களில் இவர்கள் ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டிருந்ததே. தமிழ்நாட்டிலும் சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் தொகுப்பூதியத்திலேயே வருடக்கணக்காகப் பணி செய்து, நிரந்தரம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அந்த நிலையோடு ஒப்பிட்டால், ஆசிரியர் சேவைக்குள்ளேயே இடம் கிடைத்திருக்கும் நம் நாட்டு ஆசிரியை ஓரளவு பாக்கியசாலி. அந்த இடத்தை அவர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டார் கடமை

நம் நாட்டு ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஆகவே ஆசிரியையின் உயர்வு பெரும்பாலும் வீட்டில்தான் தீர்மானிக்கப்படுகிறது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து மகரகமைக்குப் பயிற்சிக்குப் போய் வருவது ஒரு நாள் வேலையல்ல. தங்க வேண்டி வரும். அப்போது பிள்ளைகளை யார் பார்ப்பது, சமையலை யார் பார்ப்பது என்ற கேள்விக்குக் கணவர் "நான் பார்க்கிறேன்" என்று சொன்னால், அங்கேயே ஒரு படி ஏறியாயிற்று. "இந்த வயதில் உனக்கு என்ன படிப்பு" என்று சொன்னால், அங்கேயே இறங்கியாயிற்று.

விடுமுறை பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவ விடுமுறையாக முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் அரச ஊழியைக்கு உரித்து. கணவர் காலமானால் அல்லது தலாக் நிகழ்ந்தால் முஸ்லிம் பெண் ஊழியைக்கு இத்தா விடுமுறையும் தாபன விதிக்கோவையில் உண்டு. இவற்றைத் தெரியாமல் வேலையையே விட்டுவிட்ட சகோதரிகள் இருக்கிறார்கள். விட்டுவிட்டால் மீண்டும் அந்தப் படிக்கு வருவது கடினம். வலய அலுவலகத்தில் கேட்டு, உரிய படிவத்தை நிரப்பி, பிரதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் பிள்ளைகளோடுதானா?" என்று கேட்கும் மாமிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சமுதாயத்துக்குக் கண்பார்வையற்ற ஒருவரின் வரலாறு நன்கு தெரியும். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டு 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பை வகித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற பல சந்தர்ப்பங்களில் மதீனாவின் பொறுப்பே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓரத்தில் இருந்த ஒருவரை ஊரின் நடுவே கொண்டு வந்து நிறுத்திய சமுதாயம், அத்தகைய பிள்ளைக்குப் படிப்பிக்கும் பெண்ணை ஓரத்தில் நிறுத்துவது பொருந்துமா?

நம் நாட்டிலும் 1988 ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கை ஒன்று, அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை இயலாமையுடைய தகுதியானோருக்கு ஒதுக்கும்படி கூறுகிறது. இன்று அலகில் பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கும் பிள்ளை நாளை ஆசிரியராக வரலாம். அதற்கு அந்தப் பிள்ளைக்குத் தொடர்ந்து பத்து வருடம் பயின்ற ஆசிரியைகள் தேவை. வருடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தால் அது நடவாது.

இனி என்ன செய்யலாம்?

சகோதரி, நீங்கள் மாற்றம் கேட்பது உங்கள் உரிமை. அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உயர்வு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கேட்பதாயின், விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று உங்கள் தனியாள் கோவையைப் பாருங்கள். நியமனத் திகதி, இப்போதைய வகுப்பு, தரம், நிலுவையிலுள்ள சம்பள ஏற்றம், வினைத்திறமைகாண் தடை ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஏழு வருட சேவைக்குப் பின் உங்களுக்கு உரித்தான பதவி உயர்வு ஒன்று, விண்ணப்பிக்காத காரணத்தால் அங்கேயே கிடக்கவும் கூடும். விண்ணப்பிக்காதவரைத் தேடி வந்து எவரும் தரமாட்டார்கள்.

அடுத்து, பட்டம் இல்லையாயின் விசேட கல்வியில் பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். பட்டம் இருந்தால் பட்டப்பின் டிப்ளோமாவுக்கு முயலுங்கள். தமிழ் மொழிமூலம் இம்முறை நடைபெறுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அயல் வலயங்களில் உங்களைப் போன்ற ஆசிரியைகளின் பெயர்களைச் சேர்த்துக் கோரிக்கை ஒன்றை எழுத்தில் கொடுங்கள். ஒருவர் கேட்டால் ஆளில்லை என்பார்கள். இருபது பேர் கேட்டால் அவ்வாறு சொல்வது கடினம்.

மூன்றாவதாக, அதிபரிடம் பாடசாலைப் பொறுப்பு ஒன்றைக் கேளுங்கள். சாதாரண வகுப்புகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை இனங்கண்டு வகுப்பாசிரியைக்கு வழிகாட்டும் பொறுப்பை நீங்களே ஏற்கலாம். அதற்குரிய அறிவு அந்தப் பாடசாலையில் உங்களிடம்தான் இருக்கிறது. அலகின் கதவு அப்போது இரு பக்கமும் திறக்கும்.

வாசக சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் விசேட அலகு இருந்தால், இம்மாதம் ஒரு நாள் போய் அந்த ஆசிரியையைப் பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்த அலகின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று கேளுங்கள். உதவியாளராக உள்ள பெண்ணுக்கு மாதக் கொடுப்பனவு திகதி தவறாமல் போகிறதா என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளை சுகமாகப் பிறந்திருந்தால் அது உங்கள் திறமையல்ல. ஆகவே அந்த அலகு உங்களுடையதும்தான்.

இத்துறையில் மகளைச் சேர்ப்பது பற்றியோ, தரம், பயிற்சி பற்றியோ மேலும் கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டறிந்து, இன்ஷா அல்லாஹ், இதே பக்கத்தில் பதில் தருவோம்.

வஸ்ஸலாம்.